டேவி கிராக்கெட்டின் இரண்டு சாவுகள்

1975இல் டெக்சாஸில் ஒரு மொழிபெயர்ப்பு நூல் வந்தது. ஹொசே என்ரிகே டெ லா பென்யா என்ற மெக்சிக்கப் படை அதிகாரி, டெக்சாஸ் கிளர்ச்சியை அடக்க 1836இல் மெக்சிக்கோ நடத்திய படையெடுப்பைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதிவைத்துவிட்டுப் போன நினைவுக்குறிப்பு அது. ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் கார்மென் பெர்ரி, அந்தப் படையெடுப்பில் சண்டை நடந்த சான் அன்டோனியோவின் அலமோ வளாகத்து நூலகத்தையே ஒரு காலத்தில் நடத்தியவர். நூலில் நெடும்பயணமும் பசியும் குளிரும், சொந்தத் தளபதிகள் மேல் ஓர் அதிகாரிக்கு இருந்த எரிச்சலும் பக்கம் பக்கமாக வருகின்றன. அதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அலமோவில் சண்டை ஓய்ந்த பிறகு, உள்ளே இருந்த கிளர்ச்சிக்காரர்களில் ஏழு பேர் உயிரோடு பிடிபட்டார்கள் என்கிறது அந்தப் பத்தி. தளபதி காஸ்ட்ரியோன் அவர்களை மெக்சிக்கப் படையின் தலைவர் சான்டா அன்னாவின் முன் கொண்டுவந்து நிறுத்தி, உயிர்ப்பிச்சை கேட்டார். சான்டா அன்னா எரிந்துவிழுந்து கொல்லச் சொன்னார். அங்கே நின்ற சாதாரணப் படைவீரர்கள் தயங்க, தலைவரிடம் நல்ல பெயர் வாங்கத் துடித்த சில அதிகாரிகள் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார்கள். ஏழு பேரில் ஒருவர் டேவிட் கிராக்கெட், டென்னசி வேட்டைக்காரர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன்னாள் உறுப்பினர், கதையிலும் பாட்டிலும் வாழும் நாயகன். யாரும் கெஞ்சவில்லை, முனகவில்லை, தலைகுனியாமல் செத்தார்கள் என்று டெ லா பென்யா மரியாதையோடுதான் முடிக்கிறார்.

பெர்ரிக்கு வசவுக் கடிதங்கள் வந்தன, தொலைபேசியில் திட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்து, சான்றுகளை அடுக்கிப் பார்த்து அதே முடிவுக்கு வந்த டெக்சாஸ்காரர் டான் கில்கோருக்கும் அதே கதி. இறந்து 139 ஆண்டான ஒருவர் கடைசி மூச்சு வரை அடித்துக்கொண்டே செத்தாரா, பிடிபட்டுச் செத்தாரா என்பதில் உயிரோடிருப்பவர்களுக்கு என்ன இவ்வளவு ஆத்திரம்? இந்த வழக்கில் என்னை இழுத்தது அந்தக் கேள்விதான். அவர் எப்படிச் செத்தார் என்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது.

கையெழுத்து எப்போதும் 'டேவிட் கிராக்கெட்'. பிறந்தது 1786 ஆகஸ்ட் 17, கிழக்கு டென்னசியில், நோலிசக்கி ஆற்றங்கரையில். மலையுச்சியில் பிறந்தார் என்று டிஸ்னி தொலைக்காட்சித் தொடரின் பாட்டைப் பாடிப் பாடியே ஒரு தலைமுறை நம்பிவிட்டது. ஆறு என்றால் பாட்டுக்குக் கம்பீரம் போதாது போல. தாத்தாவும் பாட்டியும் 1777இல் பூர்வகுடிகளின் தாக்குதலில் இறந்தவர்கள். அப்பா ஜான் மாவு அரைக்கும் ஆலை வைத்தார், வெள்ளம் கொண்டுபோனது. பிறகு வண்டிக்காரர்கள் தங்கிப்போகும் சத்திரம் வைத்தார். கடன்மேல் கடன். பள்ளிக்கூடத்தில் நாலு நாள்தான். ஐந்தாம் நாள் ஒரு பையனோடு அடிதடி, வாத்தியாருக்கும் அப்பாவுக்கும் பயந்து ஊரைவிட்டே ஓடிப்போய் இரண்டரை ஆண்டு மாட்டு மந்தைகளோடும் வண்டிகளோடும் திரிந்தார்.

திரும்பி வந்தபோது அப்பா ஒருவருக்கு 36 டாலர் கடன்சீட்டு எழுதிக்கொடுத்திருந்தார். மகன் ஆறு மாதம் அந்த ஆளிடம் உழைத்து அதைத் தீர்த்தான். அடுத்தது குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் கென்னடிக்கு 40 டாலர். அதற்கும் ஆறு மாதம். கையில் சீட்டோடு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நீட்டினான். வசூலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்த அப்பா, என்னிடம் காசில்லையே என்று முகம் தொங்கிப்போனார். கடன் தீர்ந்த சீட்டு இது, உங்களுக்குத்தான் என்று மகன் சொன்னதும் மனிதர் அழுதுவிட்டார். கிராக்கெட்டே தன் வரலாற்றில் எழுதியது. கரடிக் கதைகளைப் படமாக்கியவர்கள் இதைத் தொடவில்லை. கடன்சீட்டில் சாகசம் இல்லையே.

1813இல் கிரீக் என்ற பூர்வகுடி மக்களின் ஒரு பிரிவு மிம்ஸ் கோட்டையைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. ஆண்ட்ரூ ஜாக்சனின் தலைமையில் போன தன்னார்வப் படையில் கிராக்கெட் உளவாளியாகச் சேர்ந்தார். அந்த நவம்பர் 3, டாலுஷாட்சி என்ற கிரீக் ஊர். சுற்றிவளைத்து அடித்ததில் களத்தில் எண்ணப்பட்ட கிரீக் சடலங்கள் 186. ஒரு வீட்டுக்குள் புகுந்துகொண்ட 46 வீரர்களோடு சேர்த்து அந்த வீட்டையே கொளுத்தினார்கள். நாயைச் சுடுவதுபோல் சுட்டோம் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார். அதற்கடுத்து வருவதைப் படித்தவர் மறப்பது கடினம். படைக்குச் சாப்பாடில்லை. மறுநாள் எரிந்த வீட்டுக்குக் கீழே நிலவறையில் உருளைக்கிழங்கு அகப்பட்டது. மேலே வெந்த உடல்களின் கொழுப்பு உருகி வழிந்து, கிழங்குகள் கறியோடு வேகவைத்த மாதிரி இருந்தன. வேண்டா வெறுப்பாகத்தான், ஆனால் பசி விடவில்லை, தின்றோம் என்கிறார்.

இதை எழுதியது 1834இல், வாக்காளர்களை மயக்க வேண்டிய நேரத்தில். யாரும் கேட்காமலே சொன்னது. அதனால்தான் அவர் சொன்ன மற்றவற்றையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. ஓராண்டுக்குள் 105 கரடி என்ற கணக்கைத் தவிர. வேட்டைக்காரர்களின் கணக்கை யார்தான் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்?

முதல் மனைவி பாலி 1815இல் இறந்தார். அடுத்து மணந்த எலிசபெத் பேட்டன், போரில் கணவனை இழந்தவர், கையில் கொஞ்சம் பணமும் நிர்வாகத் திறமையும் உள்ளவர். மாவு ஆலை, வெடிமருந்து ஆலை, சாராய வடிசாலை மூன்றும் போட்டார்கள். 1821இல் வெள்ளம் இரண்டு ஆலைகளையும் அடித்துக்கொண்டு போனது, வடிசாலையும் நின்றுபோனது. இருப்பதைக் கொடுத்துக் கடனைத் தீர்த்துவிடுவோம், பிறகு பாடுபட்டுக்கொள்ளலாம் என்றார் எலிசபெத். இன்னும் மேற்கே, ஓபியான் ஆற்றங்கரைக் காட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கிராக்கெட்டின் அரசியல் முழுவதும் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. சுதந்திரப் போர் வீரர்களுக்கு வட கரோலினா மாநிலம் கொடுத்த நில உரிமைச் சீட்டுகள் கைமாறிக் கைமாறித் தரகர்களிடம் சேர்ந்திருந்தன. ஏழைக் குடும்பம் ஒன்று காட்டை வெட்டித் திருத்தி, குடிசை போட்டு, சோளம் விதைத்து, இரண்டு அறுப்பு எடுத்திருக்கும். அப்போது ஒருவர் காகிதத்தோடு வந்து நிற்பார், நிலம் என்னுடையது என்று. திருத்தியவனுக்குப் பட்டா கிடையாது. பட்டா உள்ளவன் மண்வெட்டியைத் தொட்டதில்லை. மேற்கு டென்னசியில் மிஞ்சிக் கிடந்த அரசு நிலத்தை, அதில் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் என்று கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் வாஷிங்டனில் அவர் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த மசோதா. கடைசிவரை நிறைவேறவில்லை.

ஓட்டு கேட்ட விதமோ தனிக் கூத்து. முதல்முறை சட்டமன்றத்துக்கு நின்றபோது அரசாங்கம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. கூட்டம் பேசச் சொன்னது, வாய் வரவில்லை. ஒரு கதையை எடுத்துவிட்டார். வழியோரம் ஒருவன் காலிப் பீப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தானாம். ஏனய்யா என்று கேட்டால், நாலு நாளைக்கு முன் இதில் ஆப்பிள் மது இருந்தது, இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றானாம். "என் வயிற்றிலும் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு சொற்பொழிவு இருந்தது, இப்போது வெளியே வரமாட்டேன் என்கிறது" என்றார் கிராக்கெட். கூட்டம் சிரித்தது. தொண்டை காய்கிறது, வாருங்கள் என்று சாராயக் கடைப் பக்கம் நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது. அடுத்துப் பேச வந்த எதிராளிக்கு மிச்சம் நின்றவர்கள் கொஞ்சம்தான்.

1827இல் காங்கிரஸ் தேர்தல். ஆர்னால்டு என்ற போட்டியாளர் பேசிக்கொண்டிருந்தபோது கினிக்கோழிக் கூட்டம் ஒன்று வந்து கத்தித் தொலைத்தது. விரட்டுங்கள் என்றார் அவர். பேச்சு முடிந்ததும் கிராக்கெட் எழுந்து, கோழி பாஷை புரிந்த முதல் மனிதர் நீங்கள்தான், அவை 'கிராக்கெட், கிராக்கெட்' என்று கூப்பிட்டது பொறுக்காமல்தானே துரத்தினீர்கள் என்றார். அந்தத் தேர்தலில் ஜெயித்தார், 1829இலும் ஜெயித்தார்.

1830இல் ஜாக்சன், இப்போது குடியரசுத் தலைவர், தெற்கே இருந்த பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தைக் கொண்டுவந்தார். கீழவையில் 102க்கு 97 என்று மயிரிழையில் தப்பியது. டென்னசி உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் கிராக்கெட் ஒருவர்தான். தன் தொகுதிக்காரர்கள் ஆதரிப்பது தெரிந்தே எதிர்த்தார், அநியாயமான காரியம் என்று பிறகு எழுதினார். டாலுஷாட்சியில் சுட்ட அதே கை. மனம் திருந்தினார் என்று ஒரே வரியில் முடிக்க என்னால் முடியவில்லை. நிலமசோதா விஷயத்தில் ஜாக்சனின் ஆட்களோடு ஏற்கெனவே முறுகல் இருந்தது. ஆனால் முறுகல் மட்டும் காரணம் என்றால், அவ்வளவு செலவாகும் ஒரு வாக்கைப் போட வேண்டியதில்லை. 1831 தேர்தலில் அதற்கு விலை கொடுத்தார். தோல்வி.

அதே ஆண்டு நியூயார்க் மேடையில் ஒரு நாடகம் வந்தது. நாயகன் நிம்ராட் வைல்ட்ஃபயர், கென்டக்கிக் காட்டிலிருந்து காங்கிரஸுக்கு வந்தவன். வாயைத் திறந்தால் பெருமையடிப்பான், தலையில் காட்டுப்பூனைத் தோல் தொப்பி. யாரைப் பார்த்து எழுதியது என்று எல்லோருக்கும் புரிந்தது. எழுதியவர் இல்லை இல்லை என்று கிராக்கெட்டுக்குக் கடிதமே போட்டார். 1833 தேர்தலில் மீண்டும் ஜெயித்து வாஷிங்டன் வந்த கிராக்கெட் அந்த நாடகத்துக்குப் போனார். நடிகர் ஹேக்கெட் அந்தத் தொப்பியோடு மேடையேறி, முன்வரிசையில் இருந்தவரைப் பார்த்துத் தலைவணங்கினார். கிராக்கெட் எழுந்து பதிலுக்கு வணங்கினார். அரங்கம் அதிர்ந்தது.

வழக்கு இந்த இடத்தில்தான் திரும்புகிறது என்பேன். தோல் தொப்பி கிராக்கெட் தலையிலிருந்து மேடைக்குப் போனதைவிட, மேடையிலிருந்து கிராக்கெட் தலைக்கு வந்தது அதிகம். அவர் உயிரோடிருந்தபோது வரைந்த படங்களில் அது இல்லை. ஓவியர் சேப்மேனிடம், இதுவரை வரைந்தவர்கள் தன்னைச் சலவைச் சட்டைக் காங்கிரஸ்காரனுக்கும் பாதிரிக்கும் பிறந்தவன்போல் ஆக்கிவிட்டார்கள் என்று குறைப்பட்டு, வேட்டைக்கோலத்தில் வரையச் சொன்னார். வரைந்தது காட்டில் இல்லை, வாஷிங்டனில். சுற்றி நின்ற வேட்டைநாய்கள் தெருவில் பிடித்தவை. அந்தப் படத்திலும் கையில் இருப்பது சாதாரணக் கம்பளித் தொப்பி. ஆக, வேஷம் கட்ட அவருக்கும் ஆசைதான். 1834இல் சக உறுப்பினர் தாமஸ் சில்டன் உதவியோடு சுயசரிதை வெளியிட்டார், நன்றாக விற்றது. ஜாக்சனுக்கு எதிரான விக் கட்சிக்காரர்கள் அவரைக் கிழக்கு நகரங்களுக்கெல்லாம் ஊர்வலம் கூட்டிப்போனார்கள், பிலடெல்பியாவில் துப்பாக்கி பரிசளித்தார்கள். சபை நடந்துகொண்டிருக்கும்போதே ஊர் சுற்றினார். நிலமசோதா கிடப்பில் கிடந்தது. 1835இல், கிரீக் போரில் காலை இழந்து மரக்கால் கட்டியிருந்த வழக்கறிஞர் ஆடம் ஹன்ட்ஸ்மேனிடம் 252 வாக்கில் தோற்றார். "நீங்கள் நரகத்துக்குப் போங்கள், நான் டெக்சாஸுக்குப் போகிறேன்."

டெக்சாஸ் அப்போது மெக்சிக்கோவின் ஒரு பகுதி. அமெரிக்காவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கிளர்ச்சியில் இறங்கியிருந்தார்கள். மைய அரசு மாநில உரிமைகளைப் பறித்தது ஒரு காரணம். 1829இல் மெக்சிக்கோ அடிமைமுறையை ஒழிக்க முனைந்தது இன்னொன்று, இதைப் பாட்டில் வைப்பதில்லை. கிராக்கெட்டிடமும் அடிமைகள் சிலர் இருந்தார்கள். 1836 ஜனவரி 9 அன்று மகளுக்கு எழுதிய கடிதத்தில் சண்டையைவிட நிலம்தான் அதிகம். உலகத்தின் தோட்டம் இது, இங்கே குடியேறப் போகிறேன், ஆறு மாதத்துக்குத் தன்னார்வலனாகப் பெயர் கொடுத்திருக்கிறேன், அரசியலமைப்பு எழுதும் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவேன் என்று நினைக்கிறேன். சாகப் போகிறவரின் கடிதம் அல்ல. நாற்பத்தொன்பது வயதில் ஒருவருக்குக் கடைசியாகப் பட்டா கிடைக்கப்போகிறது என்ற உற்சாகம்.

பிப்ரவரியில் சான் அன்டோனியோ போய்ச் சேர்ந்தார். 23ஆம் தேதி சான்டா அன்னாவின் படை வந்தது. பழைய மிஷன் வளாகமான அலமோவுக்குள் இருநூறு பேர் அளவில் அடைபட்டார்கள். கிராக்கெட் உள்ளே என்ன செய்தார் என்பதற்கு அந்த நாளிலேயே எழுதப்பட்ட சான்று, தளபதி டிராவிஸ் 25ஆம் தேதி அனுப்பிய கடிதத்தில் உள்ள ஒரு வரி: எல்லா இடத்திலும் காணப்பட்டார், ஆட்களுக்கு ஊக்கம் கொடுத்தார். மார்ச் 6 விடியுமுன் தாக்குதல். ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சடலங்களை விறகோடு அடுக்கி எரித்தார்கள்.

இனி சாட்சிகள். உள்ளே இருந்து பிழைத்த சூசன்னா டிக்கின்சன், தேவாலயத்துக்கும் இரண்டு மாடிக் கட்டடத்துக்கும் நடுவே கிராக்கெட்டின் சிதைந்த உடலையும் பக்கத்தில் அவருடைய விசித்திரமான தொப்பியையும் பார்த்ததாகச் சொன்னார். அச்சேறியது 1870களில். டிராவிஸின் அடிமையாக இருந்து பிழைத்த ஜோ, எதிரிகளின் பிணங்கள் சூழ அவர் கிடந்ததாகச் சொன்னதாய்ப் பதிவாகியிருக்கிறது. ஊர்த்தலைவர் ரூயிஸ், உடலைப் பார்த்தது வளாகத்தின் மேற்குப்பக்கம் என்றார். இடமே ஒத்துப்போகவில்லை. மூவரும் உடலைப் பார்த்தவர்கள், உயிர் போனதைப் பார்த்தவர்கள் இல்லை. 'அடித்துக்கொண்டே செத்தார்' என்பதற்கு நேர்சாட்சி இவர்களில் ஒருவரும் இல்லை.

மறுபக்கம், கைதிகள் கொல்லப்பட்டது பற்றி ஐயம் வேண்டாம். சான்டா அன்னாவின் செயலரே, ரமோன் காரோ, 1837இல் அச்சிட்டுவிட்டார்: ஐந்து பேரை காஸ்ட்ரியோன் கொண்டுவந்தார், சான்டா அன்னா அவரைக் கடிந்துகொண்டார், ஐவரும் கொல்லப்பட்டார்கள். பெயர்கள்தான் இல்லை. கிராக்கெட் பெயரைச் சொல்வது டெ லா பென்யா. அவரையும் அப்படியே நம்பிவிட முடியாது. கிராக்கெட்டை முன்பின் பார்த்தவர் இல்லை. கிராக்கெட் ஏதோ இயற்கை ஆராய்ச்சியாளர், சண்டை வந்ததால் உள்ளே ஒதுங்கியவர் என்று எழுதுகிறார், யாரோ உயிர் பிழைக்கச் சொன்ன பொய்போல இருக்கிறது. அந்தப் பத்தி தனித்தாளில் வேறு கையெழுத்தில் இருக்கிறது. எழுதும்போது சான்டா அன்னா மேல் அவருக்குப் பகை. 1990களில் மொத்தமும் மோசடி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கைப்பிரதி 1998இல் ஏலத்தில் 3,87,500 டாலருக்குப் போய், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. சோதித்ததில் தாளும் மையும் அந்தக் காலத்தவைதான் என்று தெரிந்தது. தாள் பழையது என்பதால் அதில் உள்ள பெயர் சரி என்று ஆகிவிடாது. கைதிகளில் ஒருவர் அவர் என்பது நடந்திருக்கக்கூடியது. நீதிமன்றத்தில் நிற்குமா என்றால் நிற்காது. என் தீர்ப்பு அவ்வளவுதான்.

ஆனால் ஆத்திரக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கைதியாகச் செத்தார் என்பது 1975இல் மெக்சிக்கோவிலிருந்து இறக்குமதியான செய்தி இல்லை. 1836 கோடையிலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. டால்சன் என்ற டெக்சாஸ் படைவீரர் பிடிபட்ட மெக்சிக்க அதிகாரி ஒருவரின் வாக்குமூலமாக எழுதிய கடிதம் அந்த செப்டம்பரில் டிட்ராய்ட் பத்திரிகையில் அச்சானது. அதே ஆண்டு பிலடெல்பியாப் பதிப்பாளர்கள், விற்காமல் தேங்கிக் கிடந்த கிராக்கெட் புத்தகக்கட்டைத் தள்ள, அலமோவில் கண்டெடுத்த நாட்குறிப்பு என்று ஒரு போலியை எழுதவைத்து வெளியிட்டார்கள். பறந்தது. அதன் முடிவிலும் கிராக்கெட் பிடிபடுகிறார், காஸ்ட்ரியோன் பரிந்து பேசுகிறார், சான்டா அன்னா கொல்லச் சொல்கிறார், கிராக்கெட் புலிபோல் அவர் மேல் பாய்ந்து வாள்களில் விழுகிறார். வாங்கிப் படித்தவர்கள் யாரும் இது எங்கள் வீரனுக்கு அவமானம் என்று கொதிக்கவில்லை. கொதித்தது சான்டா அன்னாவின் மேல். நிராயுதபாணியைக் கொன்றவன் யார் என்பதுதான் அன்றைய கேள்வி.

நடுவில் என்ன நடந்தது? 1835இல் தொடங்கிய, கட்டுக்கதைகள் நிறைந்த கிராக்கெட் பஞ்சாங்கங்கள், அவர் செத்த பிறகும் இருபது ஆண்டு வந்துகொண்டிருந்தன. அவற்றில் அவர் முதலை மேலேறி நயாகராவில் சவாரி செய்தார். பூமியின் அச்சு உறைந்துபோனபோது கரடிக் கொழுப்பை ஊற்றி இளக்கிவிட்டு, விடியலின் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இப்படிப்பட்டவரைச் சில அதிகாரிகள் வாளால் வெட்டிக் கொல்ல முடியுமா? 1840இல், மெக்சிக்கச் சுரங்கத்தில் உயிரோடு அடிமையாக இருக்கிறார் என்றுகூட ஒரு கடிதம் வந்தது. மகன் ஜான் வெஸ்லி விசாரிக்கச் சொல்லி அரசுக்கு எழுத வேண்டியதாயிற்று.

பிறகு தொலைக்காட்சி. 1955 பிப்ரவரி 23 அன்று டிஸ்னியின் கிராக்கெட் தொடரில் மூன்றாம் பாகம் ஒளிபரப்பானது. குண்டு தீர்ந்துபோன துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, கிராக்கெட்டாக நடித்த ஃபெஸ் பார்க்கர் சுழற்றுகிறார், படம் அங்கேயே முடிகிறது. சாவைக் காட்டவே இல்லை. நாடெங்கும் பிள்ளைகள் ரக்கூன் தொப்பிக்கு அடம்பிடித்தார்கள், ரக்கூன் தோலின் விலை கிடுகிடுவென ஏறியது. டெ லா பென்யாவின் மூலப்பிரதி மெக்சிக்கோ நகரில் முதன்முதலாக அச்சானதும் அதே 1955இல்தான். ஸ்பானிய மொழியில் இருந்ததால் இருபது ஆண்டு யாரும் சீந்தவில்லை. ஆங்கிலத்தில் வந்தபோது, தொப்பி போட்டு வாசலில் சண்டை விளையாடிய பிள்ளைகள் முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். பெர்ரிக்கு வந்த கடிதங்கள் 1836ஐப் பற்றியவை என்று நான் நினைக்கவில்லை.

அவர் விட்டுப்போன மசோதா என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. ஜான் வெஸ்லி கிராக்கெட் 1837இல் அப்பாவின் தொகுதியிலேயே ஜெயித்துக் காங்கிரஸுக்குப் போனார். மேற்கு டென்னசி நிலங்களைப் பற்றிய மசோதாவை, கொஞ்சம் மாற்றி, 1841இல் நிறைவேற்றியும் காட்டினார். அவருக்குத் தொப்பியும் இல்லை, பாட்டும் இல்லை.

எலிசபெத் 1850களில் டெக்சாஸுக்குப் போனார். கணவர் அலமோவில் விழுந்ததற்காக அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கிய நிலம், இன்றைய ஹுட் மாவட்டத்தில், ஆக்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில். வெள்ளம் கொண்டுபோன ஆலைகளுக்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மண்ணிலேயே குடியிருந்து 1860 ஜனவரியில் இறந்தார். ஆக்டன் கல்லறைத் தோட்டத்தில் அவர் மேல் ஒரு கற்சிலை நிற்கிறது, வெயிலுக்குக் கண்மேல் கை வைத்து வழி பார்த்துக்கொண்டு.